நசுங்க வேண்டிய தொப்பி

பிள்ளைகளே, பெரிய ஆஸ்பத்திரிகளில் சில கதவுகளில் மஞ்சள் நிறத்தில் மூன்று இறக்கை விசிறி மாதிரி ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்யும் அறை அது. அந்தக் கதிர் வீசும் பொருளைக் கனமான பெட்டியில் அடைத்து லாரியில் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும். என் மகளுக்கு அதுதான் வேலை. வேலை பார்த்துக்கொண்டே அதற்கான மேற்படிப்பையும் சனி, ஞாயிறுகளில் படிக்கிறாள். நான் எட்டாவது வரைதான். கணபதி என்கிற பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அவள் புத்தகத்தில் எனக்குப் புரிவது படங்கள் மட்டும்.

கடைசி ஆண்டில் அவள் ஒரு மாதிரிப் பெட்டியை ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டுக் காட்ட வேண்டும். லாரியே கவிழ்ந்தாலும் பெட்டியின் மூடி திறக்கக் கூடாது. அதைக் காட்டினால்தான் பட்டம். மாதிரிக்குள் கதிர்ப் பொருள் கிடையாது, வெறும் இரும்பு உருளைதான்.

வரைபடத்தோடு பட்டறைக்கு வந்தாள்.

"அப்பா, பெட்டி மேல மாட்டுற இந்தத் தொப்பிக்கு மெல்லிசுத் தகடு. நாலு இடத்துல வெல்டிங் பொட்டு வச்சாப் போதுமுங்க."

"நாலு பொட்டா? காத்தடிச்சாப் பிச்சுக்குமே அம்மணி!"

"நசுங்கோணுமுங்கப்பா. அது நசுங்குனாத்தான் அடி உள்ள போகாது."

சரி என்றேன். ஆனால் கை கேட்கவில்லை. நசுங்குகிற சாமான் என் பட்டறையிலிருந்து வெளியே போனதே இல்லை. சொந்தக்காரர் வீட்டு கேட் என்றால் வெல்டிங் இரண்டு சுற்று கூடவே ஓட்டுவேன். என் மகளின் பெட்டி வாத்தியார் முன்னால் சப்பிப் போவதா? தொப்பிக்குள் நாலு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தேன். விளிம்பு முழுக்க வெல்டிங் ஓட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அவிநாசி ரோட்டில் ஒரு கிரேன் யார்டில் சோதனை. கல்லூரியிலிருந்து வாத்தியார், அடியை அளக்கும் வாடகைக் கருவியோடு வந்திருந்தார். தொப்பி கீழே வரும்படி தலைகீழாகப் பெட்டி மேலே போனது. கொக்கி விட்டது. தரை அதிர்ந்தது. நான்தான் முதலில் ஓடினேன்.

"பாரு கண்ணு, தொப்பியில ஒரு சொட்டை இல்ல!"

அவள் தொப்பியைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்தாள். அடி உள்ளே போய் மூடியின் போல்ட்டுகள் அறுந்து, இரும்பு உருளை வெளியே கிடந்தது.

"ஏனுங்கப்பா, தொப்பிக்குள்ள என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். வாத்தியார் தொப்பியைத் தடவிப் பார்த்தார். "வெல்டிங் அருமைங்க" என்றார்.

"ஒரே வாரத்துல வேற செஞ்சு தர்றேன் கண்ணு."

"அளக்குற கருவி இன்னைக்கே திரும்பிப் போகுதுங்கப்பா. திங்கக்கெழமை ரிப்போர்ட் குடுக்கோணும்."

"அப்ப இரும்பு சரியில்லைன்னு எழுதிப்போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்கு நெசப் பெட்டி இதே ரோட்டுல போகுமுங்கப்பா. பின்னால ஸ்கூல் வேன் வரும்."

அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வரைபடத்தை மீறி என்ன செய்தேன் என்று செய்தவனே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு தாளை நீட்டினாள். ஒரு கம்பத்தில் தாளை வைத்து, நாலு பட்டை, முழுச் சுற்று என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு அவள் தேறவில்லை.

இப்போது மறுபடியும் படிக்கிறாள். போன வாரம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெட்டியை இந்தத் தடவை வேற பட்டறைக்குக் குடுத்திருக்கேனுங்கப்பா."

"சரி கண்ணு" என்றேன்.

அந்தப் பட்டறை அடுத்த வீதியில்தான். நேற்று வண்டியில் அந்தப் பக்கம் போனேன். வாசலுக்கு நேரே மேசைமேல் அவளுடைய தொப்பி இருந்தது. மெல்லிய தகடு, நாலே நாலு பொட்டு. எனக்குக் கை பரபரத்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் வந்துவிட்டேன்.