பம்பரில் மூன்று எலுமிச்சை

செங்கம் ரோட்டில் பழைய கார் விற்றுக்கொடுக்கும் புரோக்கர் அவர். நெற்றி நிறைய விபூதி. புறங்கையால் வண்டியைத் தட்டிவிட்டுத்தான் பேசுவார்.

எல்லாத்துக்கும் பயப்படுகிற எனக்கு, வேகமாக ஓட்டும்போது மட்டும் பயம் மறந்துபோகும். அவர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சிவப்புச் சின்னக் கார், ஆக்சிலரேட்டரில் கால் வைத்ததும் பாய்ந்தது. இதுதான் வேணும் என்று இறங்கினேன். முன் பம்பரில் மூன்று திருஷ்டிக் கயிறுகள், மூன்றிலும் காய்ந்த எலுமிச்சை.

"இன்னாங்க, மூணு இருக்கு?"

"வாங்கனவங்க ஆளுக்கு ஒண்ணு கட்டனாங்க சார்."

"பழச அவுக்கலையா?"

"கட்டனவங்கதான் அவுக்கணும். ஒருத்தரும் வரல."

"ஏன்?"

"வீட்ல எத்தினி பசங்க?"

"ரெண்டு."

என் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்த வண்டி அங்கே இல்லை. வாங்கினவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று புரோக்கரிடம் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.