ஓட்டத்தில் முதல், நெஞ்சில் தகுதியில்லை

ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனை நெஞ்சு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். குடியிருந்த மனைக்கு அப்போதுதான் பட்டா கிடைத்திருந்தது. கூலிப் போராட்டத்தில் வெளியூர் ஆட்களை வயலில் இறங்க விடாமல் வரப்பில் நின்றவர் என் அப்பா. அதற்காக ஸ்டேஷனில் அடியும் வாங்கினார். அதே காக்கிச் சட்டையை மகன் போடப்போகிறான் என்பதில் அவருக்குப் பெருமை, எனக்கு வீம்பு.

மருத்துவப் பரிசோதனை தஞ்சாவூரில். அப்பாவும் கூட வந்தார். டாக்டர் என் நாடியைப் பிடித்தார், நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளில் அலைகள் இருக்க வேண்டியதைவிட உயரமாக இருந்தனவாம். நான் திரைக்குப் பின்னால் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவை உள்ளே கூப்பிட்டார். தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார்.

“மூச்சு வாங்குமா? நெஞ்சை அடைக்குமா?”

“ஆமாங்க,” என்றார் அப்பா.

நான் வெளியே வருவதற்குள் ‘தகுதியில்லை’ என்று எழுதியாகிவிட்டது. எனக்கு அப்படியெல்லாம் கிடையாது என்றேன். பெற்றவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் முகத்தை அவர் ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அப்பாவோடு நான் பேசவில்லை. பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. ஊரே என்னை நோயாளியாக்கிவிட்டது. நாற்றுக்கட்டைத் தூக்கப் போனால் அம்மா பிடுங்கிக்கொண்டாள். திடகாத்திரமாக இருக்கிறவனைப் பார்த்து ‘உச்’ கொட்டினால் எப்படி இருக்கும்?

பொறுக்க முடியாமல் மாயவரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். நான் கூப்பிடாமலே அப்பா பின்னால் வந்தார். தஞ்சாவூரில் கொடுத்த தாளை டாக்டர் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். சின்ன வயதிலிருந்து என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மயக்கம் வந்ததுண்டா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்றெல்லாம் விசாரித்தார். மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடவிட்டு, மறுபடி ஈசிஜி எடுத்தார்.

“தாள்ல இருக்குற கோடுகளை மட்டும் பார்த்தா பயமாத்தான் இருக்கும். ஆளையும் பார்க்கணும்ல? கட்டுத் தூக்கி, ஓடி, நீந்தி வளர்ந்த நெஞ்சு இது. மெதுவா, ஓங்கி அடிக்குது. நோய் ஒண்ணும் இல்ல.”

அதையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். பல மாதம் அலையவிட்ட பிறகு அந்தக் கடிதத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஓட்டத்தில் ஜெயித்தவனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒரு கடிதம்!

அன்று கிளம்பும்போது, மூச்சு வாங்குவதாகப் பழைய தாளில் எழுதியிருக்கிறதே, அதை யார் சொன்னது என்று கேட்டார் டாக்டர். நான் அப்பாவை முறைத்தேன்.

“நாந்தாங்கம்மா,” என்றார் அப்பா. “என்னையத்தான் கேக்குறாருன்னு நெனச்சுட்டேன்.”

டாக்டர் உடனே அவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். தாளை வெகுநேரம் பார்த்தார். நெஞ்சு வலி எப்போது வந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

“போன அறுப்புலங்க. செத்த நேரம் வரப்புல படுத்திருந்தேன். அப்புறம் எந்திரிச்சு மிச்சத்தையும் அறுத்துட்டேன்.”

அந்த அறுப்பில் அவருக்குப் பக்கத்து வயலில் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தவன் நான்.