திருமானூருக்குப் போன தொட்டில்

கிரைண்டருக்கு பெல்ட் மாற்றியதுதான் தங்கசாமியும் மகள் சுமதியும் சேர்ந்து செய்த கடைசி வேலை. சுமதி மோட்டாரை நெம்பிப் பிடித்துக்கொண்டாள். தங்கசாமி புது பெல்ட்டை வெளிச்சத்தில் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"டூப்ளிகேட்டா இருக்குமோ?"

"கம்பெனி பேரு போட்டிருக்குல்லப்பா."

"பேரு போட்டு விக்கத்தான டூப்ளிகேட்டே. கடைக்காரன் சிரிச்சிகிட்டே குடுத்தான் பாப்பா. அதான் இடிக்குது."

"சிரிக்காம குடுத்திருந்தாலும் உங்களுக்கு இடிச்சிருக்கும்," என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஊறப்போட்ட அரிசி ஊசிப்போறதுக்குள்ள மாட்டுங்க."

மாட்டினார்கள். ஓடியது. ஓடிய பிறகும் தங்கசாமி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்த வாரமே, டீ குடிக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் அரியலூரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தங்கசாமி மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவர். உடையார்பாளையத்தைச் சுற்றி அவர் ஏறாத வாசல் இல்லை, நுழையாத மோட்டார் கொட்டகை இல்லை. வெயில் நேரத்தில் யாராவது மோர் கொடுத்தால் குடிக்கமாட்டார். கொடுத்த வீட்டின் மீட்டரை இன்னொரு தரம் பார்ப்பார். சுமதிக்கு வந்த ஒரு வரனின் வீட்டுக்கே மீட்டர் பார்க்கிற சாக்கில் போய்விட்டு வந்து, "பையன் தங்கமான பையன். ஆனா அந்த வீட்ல ஏசி சும்மா மாட்டி வச்சிருக்கு, ஓடல," என்றார். வரன் அதோடு நின்றது.

திருட்டுக் கரண்ட் என்று தோன்றினால் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒயரைத் தொடமாட்டார், மீட்டர் முத்திரையைத் தொடமாட்டார். வீட்டுக்காரரையும் மேலதிகாரியையும் கூட்டிவந்து நிறுத்தி, அவர்கள் கண்ணால் பார்க்கும்வரை எதையும் அசைக்கவிடமாட்டார். அதுவரை வாயையும் திறக்கமாட்டார். மகளிடம்கூட.

ஓய்வுபெற்ற பிறகு உள்ளூரில் இருக்கும் எழுத்தாளர் நினைவில்லத்துக்குப் பொறுப்பாளராகப் போனார். வெள்ளைக்காரன் காலத்து எழுத்தாளர் அவர். பிறந்த வீட்டை ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு, ஓடு மாற்றி, சாமான்களைச் சேகரித்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். தங்கசாமி அவரை "நம்மாளு" என்பார். நம்மாளு எழுதிய ஒரு வரியையாவது அவர் படித்ததாகச் சுமதிக்குத் தெரியாது.

காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்று கமிட்டிச் செயலாளர் குருமூர்த்தி வந்தார். துக்கம் கேட்டார். சாவிக்கொத்தைக் கேட்டார். பிறகு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க ஒரு தொட்டில் இருந்துச்சும்மா. எழுத்தாளர் குழந்தையில கிடந்தது. அதக் காணோம்."

"எங்கப்பா எடுத்தாருங்கிறீங்களா சார்?"

"நான் சொல்லலம்மா. குட்டியானை வண்டியில ஏத்தினதத் தெருவே பாத்திருக்கு. ஞாயித்துக்கிழமை பிறந்தநாள் விழா. அதுக்குள்ள வந்துட்டா நான் ஒண்ணும் கேக்கல. வரலேன்னா கமிட்டில போலீசுக்குப் போகணுங்கிறாங்க. செத்தவர் பேர ஸ்டேஷன்ல சொல்றதுக்கு எனக்கு மட்டும் ஆசையா?"

எழுந்து போகும்போது லேசாகச் சிரித்தார். சுமதிக்கு இடித்தது. அவரே விற்றுவிட்டுச் செத்தவர் தலையில் கட்டுகிறாரா? பழைய மரச் சாமான்களுக்குக் காரைக்குடிப் பக்கம் நல்ல கிராக்கி. ஆனால் குட்டியானையைத் தெருவே பார்த்திருக்கிறது. அப்பாவே எடுத்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் வாய் கசந்தது. சாவிக்கொத்தை நாளைக்குத் தருவதாகச் சொல்லியனுப்பினாள்.

சுமதி அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா, பொய் சொல்கின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. மறுநாள் காலை நினைவில்லத்தைத் திறந்து அதே கண்ணோடு உள்ளே போனாள். அதற்கு முன் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க வாசல்வரை வந்ததோடு சரி.

கண்ணாடிப் பெட்டியில் மூக்குக்கண்ணாடி, மைக்கூடு, அந்துப்பூச்சி அரித்த சால்வை. 'இதில் அமர்ந்து எழுதினார்' என்ற அட்டையோடு ஒரு நாற்காலி. நாற்காலியில் பின்னியிருந்தது நைலான் வயர். அது கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த மனிதர் போய்ச் சேர்ந்திருப்பார். சுவரில் அவருடைய அம்மாவின் படம், கீழே 'தாயார், திருமானூர்' என்று எழுத்து. கடைசி அறைக்கதவின் மேல் சலவைக்கல்: 'தம் பெற்றோரின் தலைப்பிள்ளையாக இவ்வறையில் பிறந்தார்.' உள்ளே உத்தரத்தில் தொட்டில் தொங்கிய கொக்கிகள் மட்டும் இருந்தன. போல்ட் புதுசு. கமிட்டி மாட்டியதாகத்தான் இருக்கும்; உத்தரத்தில் பழைய தேய்மானம் எதுவும் இல்லை.

கூட்டிப் பெருக்குகிற அம்மாக்கண்ணு துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"சாரு போயிட்டாரே கண்ணு. இனிமே யாரு என்னய வையிறது?"

"தொட்டில அப்பாவா எடுத்துட்டுப் போனாரு?"

"ஆமா. ஒளிச்சா கொண்டுபோனாரு? பட்டப்பகல்ல. 'திருமானூர் போப்பா'ன்னு டிரைவர்கிட்ட சொன்னாரு. எதுக்கு சாருன்னேன். 'ஒந் தலைப்புள்ளய எங்க பெத்த?'ன்னு என்னயத் திருப்பிக் கேட்டாரு. இது என்னா கேள்வி, எங்கம்மா வூட்லதான்னேன். 'சரி, போய்ப் பெருக்கு'ன்னுட்டாரு."

சுமதி மறுபடியும் சலவைக்கல்லைப் படித்தாள். தலைப்பிள்ளை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகாத குடும்பம் அந்தப் பக்கத்தில் எது? அவளே பிறந்தது அம்மாவின் ஊரில்தான். அந்த மனிதரும் திருமானூரில்தான் பிறந்திருக்க வேண்டும். தொட்டில் பிற்பாடு தாய்மாமன் சீராக இங்கே வந்திருக்கும். இத்தனை பேர் கமிட்டியில் உட்கார்ந்து, பிறந்த வீடு என்று அப்பன் வீட்டுக்குக் கல் வைத்திருக்கிறார்கள்.

இது அவள் ஊகம். அப்பாவின் ஊகமாகவும் இருக்கலாம். ஊகத்துக்காக ஒருவர் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாரா? அரியலூர் வந்து தஞ்சாவூர் பஸ் பிடித்துத் திருமானூரில் இறங்கினாள்.

எழுத்தாளரின் தாய்வழிக் குடும்பத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கரும்புக்கொல்லையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. இடுப்பில் ஈரத்துணியோடு ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். சிவரஞ்சனி என்று பெயர். அந்த வீட்டு மருமகள்.

"தங்கசாமி ஐயா மவளா? மூக்கப் பாத்தாலே தெரியுது. ஐயா வரலியாக்கா? இந்தா செகரட்டரியக் கூட்டியாரேன்னு போனாங்க, ஆளையே காணோம்."

"அப்பா இறந்துட்டாரும்மா."

சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். உள் அறையிலிருந்து சங்கிலி முனகுகிற சத்தம் வந்தது. அங்கே போனாள்.

தேக்கு உத்தரத்திலிருந்து தொட்டில் தொங்கியது. உள்ளே ஒரு குழந்தை தூங்கியது. உத்தரத்தில் அடித்திருந்த இரும்பு வளையங்கள் கறுத்து, அடிப்பக்கம் ஆழமாகத் தேய்ந்திருந்தன. ஒவ்வொரு சங்கிலியின் கொக்கியும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. சுமதி முக்காலியில் ஏறி, பையிலிருந்த டேப்பால் மேலே வளையங்களின் இடைவெளியையும் கீழே தொட்டில் சட்டத்தையும் அளந்தாள். இறங்கிவிட்டுத் திரும்பவும் ஏறி அளந்தாள். ஒத்துப்போனது. தொட்டில் முதலில் தொங்கியது இங்கேதான்.

"ஐயாவும் இப்படித்தான் மூணுவாட்டி அளந்தாங்க," என்றாள் சிவரஞ்சனி. "அப்பவே எறக்கி எடுத்துட்டுப் போங்கன்னேன். தொடாதன்னுட்டாங்க. 'செகரட்டரிய நானே கூட்டியாரேன். அவரு கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் அசைக்காத'ன்னாங்க. அப்ப எம்புள்ளயப் போட்டுக்கட்டுமான்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்கக்கா. 'புள்ளயப் போடு. ஆனா வளையத்துக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுடாத'ன்னாங்க."

சுமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து யோசித்தாள். ஒரு குட்டியானை பிடித்தால் பொழுது சாய்வதற்குள் தொட்டில் உடையார்பாளையம் போய்விடும். அப்பா பெயர் ஸ்டேஷனுக்குப் போகாது. ஆனால் எடுத்துப்போனதைப் பயந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் ஊர் பேசும். அவர் எதற்காக எடுத்தார் என்பது இந்த வளையங்களோடு முடிந்துபோகும். குருமூர்த்திக்கு போன் போட்டாள்.

"தொட்டில் இருக்கு சார். திருமானூர்ல."

"அப்பாடா! நீங்க அலைய வேணாம்மா, வண்டி நான் அனுப்புறேன். அப்புறம், அந்த வளையத்துல மாட்டின மாதிரி போட்டோ கீட்டோ யாரும் எடுக்கலியே?"

"வளையத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே சார்."

மறுமுனையில், மைக் செட்டைச் சோதித்துக்கொண்டிருந்த யாரையோ அவர் நிறுத்தச் சொன்னார்.

"அப்பா போன்ல சொன்னாரும்மா," என்றார் குருமூர்த்தி. "வந்து பாருங்கன்னு தெனம் கூப்பிட்டாரு. நான்தான் விழா முடியட்டும்னேன். கல்லு வெச்சாச்சு, பெரிய மனுஷங்க வந்து தொறந்தாச்சு. இப்பப் போயி வேற ஊருன்னா, இந்த வூட்டுக்கு யாரும்மா வருவா?"

"எங்க இருக்குன்னு தெரிஞ்சேதான் காணோம்னு வந்து சொன்னீங்களா?"

அவர் வாயெடுப்பதற்குள் சுமதியே தொடர்ந்தாள்.

"தொட்டில் எங்கப்பா மாட்டின இடத்துலயே இருக்கும் சார். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க வாங்க. பாருங்க. பாத்துட்டு நீங்களே எறக்கி எடுத்துட்டுப் போங்க. விழாவுல என்ன பேசுறதுன்னு அப்புறம் நீங்க முடிவு பண்ணிக்குங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

"பாக்கறேம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாக்கறேன் என்றால் வரமாட்டார். இத்தனை நாள் அப்பாவிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். சுமதி ஆலைக்கு இன்னொரு நாள் லீவு சொன்னாள். காலையில் முதல் வேலையாகக் குருமூர்த்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் சட்டை மாட்டும்வரை காத்திருந்து, கையோடு திருமானூருக்குக் கூட்டிவர வேண்டும். தங்கசாமி செய்துமுடிக்காமல் போன வேலை அது ஒன்றுதான்.