மூச்சு வாங்காத பாட்டைத் தேடி ஆம்பூருக்கு

ஆம்பூருக்குப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் அரைக்கிலோ பிரியாணி பார்சல் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனது ஒரு ஜப்பானியப் பாட்டைக் கேட்பதற்காக என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. பிரியாணி சாப்பிடக் கண்டுபிடித்த சாக்கு என்றே நினைத்தார்கள்.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரு வகைப் பாட்டு உண்டு. பாடுவது மனிதர் இல்லை, கணினி. எந்த எழுத்தை எந்தச் சுருதியில் எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டால், செயற்கைக் குரல் ஒன்று அப்படியே பாடும். நுரையீரல் இல்லாத பாடகி என்பதால் மூச்சு வாங்க வேண்டியதில்லை. அதனால் நிமிடத்துக்கு இருநூறு தாளத் தட்டு என்று விரட்டுகிறார்கள். நாலு வருடமாக எனக்கு இதுதான் பைத்தியம். நான் ஸ்பீக்கரில் போட்டால் என் கணவர் மிக்ஸியை அணைக்கச் சொல்வார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று ஒரு இணையக் குழு இருக்கிறது. அதில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் இந்தப் பாட்டைச் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷூவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வரலாமா என்று கேட்டேன். நல்ல ஹெட்போன் இருந்தால் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

சென்னை சென்ட்ரலில் காலை 7.40க்கு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவுக்கு 110 ரூபாய் ஆனது. சுமார் 180 கிலோமீட்டர். காட்பாடியில் பாதிப் பெட்டி இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. 10.20க்கு ஆம்பூர். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர், "பிரியாணியாம்மா, ஷூவாம்மா?" என்றார். ஊருக்கு வருகிறவர்களை அவர் இரண்டே கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறார். பாட்டு என்றேன். இரண்டு கிலோமீட்டருக்கு எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது, "கச்சேரி எதுவும் இருக்கற மாதிரி தெரிலயே" என்று கவலைப்பட்டார்.

நான் போனது ஷமீமின் வீடு. மாடியில் ஒற்றை அறை, ஒரு பழைய லேப்டாப், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஷமீம் கம்பெனி அலுவலகத்தில் ஏற்றுமதிக் கடிதங்களைப் பார்ப்பவள். ஆன்லைனில் ஜப்பானிய மொழி கற்றவள், பாட்டு எழுதுவது அவள். கோகிலா அதே கம்பெனியில் ஜோடி பார்ப்பவள். தயாரான ஷூக்களில் இடது, வலது இரண்டையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம், தோலின் வரி, தையல் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. துளி வித்தியாசம் இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். இசையமைப்பது அவள்தான். (இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.)

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டேன். பாட்டே அவர்களுடைய லஞ்ச் நேரத்தைப் பற்றியது என்றாள் ஷமீம். கோகிலா சொன்னாள்: "லஞ்ச் அரை மணிதான்கா. அதுக்குள்ள சாப்டணும், போன் பண்ணணும், யார் மேலயாவது கோவம்னா அழுதுட்டு மூஞ்சி கழுவிக்கினு வரணும். மெதுவா பாடனா பெல் அடிச்சிடும்." இத்தனை வருடம் கேட்டும் இந்தப் பாட்டுகள் யாருக்கானவை என்று எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. புதியவர்களுக்கான ஒரு ஜப்பானிய இணையப் போட்டிக்குப் பாட்டை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே மதியம் 2.30. ஷமீமுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த ஞாயிறு கிளம்புகிறாள். லேப்டாப் அவளுடையது. இதற்கு முன் செய்த மூன்று பாட்டும் சேர்ந்து இணையத்தில் ஓடியதே நாற்பது தடவை, அதில் முப்பது தடவை தாங்களே கேட்டது என்று சிரித்தார்கள். இந்த நாலாவதுதான் சேர்ந்து செய்யும் கடைசிப் பாட்டு. மூன்று மாத உழைப்பு. எங்கேயோ சப்பென்று இருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

என் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மெட்டு பிரமாதம். ஆனால் குரல் மட்டும் மூக்குக்கு நேரே ஒரு புள்ளியில் நின்றது. எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர், இடது காதில் ஒருத்தி, வலது காதில் ஒருத்தி என்றாள் கோகிலா. எனக்கு ஒருத்திதான் கேட்கிறாள் என்றேன். ஹெட்போனில் கோளாறோ என்று மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

ஷமீம்தான் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு குரலின் கட்டங்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் கீழ் ஒன்று. கோகிலா இரண்டாவது குரலைத் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்து முதலாவதோடு சேர்த்திருக்கிறாள். அச்சாக ஒன்றாக இருந்தால் காதுக்கு அது ஒரே குரல்தான்.

"இன்னாடி, இங்கயும் ஜோடி பாத்து வெச்சிக்கிறியா?" என்றாள் ஷமீம்.

கோகிலா முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. மணி 12.50. உடனே கலைக்க உட்கார்ந்தாள். ஒரு எழுத்தைத் தள்ளுவாள். கொஞ்ச நேரத்தில் கை தானாக அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிடும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஷமீம் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். இடது குரல் கோகிலாவுடையதாகவே இருக்கட்டும், வலதைப் புதிதாகத் தானே போடுகிறேன், இடதைப் பார்க்கவே மாட்டேன் என்றாள். கோகிலாவை அறையில் வைத்திருந்தால் வேலை நடக்காது என்று என்னோடு சாப்பிட அனுப்பிவிட்டாள். பிரியாணியும் கத்திரிக்காயும் ஆளுக்கு 180 ரூபாய். அருமை. கோகிலா பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

2.12க்குத் திரும்பினோம். போட்டுக் காட்டினாள். முதல் வரியிலேயே எனக்குப் புல்லரித்தது. ஒரே அறையில் இரண்டு பெண்கள் முண்டியடித்துப் பேசுவது போல இருந்தது. ஆனால் கடைசி வரியில் ஷமீமின் குரல் நன்றாகவே பின்தங்கிவிட்டது. அவசரத்தில் வந்த பிழை. கோகிலாவின் கை மவுஸுக்குப் போனது. மணி 2.21. அதைச் சரிசெய்து மறுபடி ஆடியோ கோப்பாக்கக் குறைந்தது எட்டு நிமிடம் ஆகும் என்றாள் ஷமீம். கோகிலா கையை எடுத்துக்கொண்டு, "அப்டியே அனுப்பு" என்றாள். 2.26க்குப் போய்ச் சேர்ந்தது.

போகிறவர்களுக்குச் சில விவரம். ஞாயிறு மதியம் ஒன்றரைக்குப் பிறகு நல்ல பிரியாணிக் கடைகளில் காலிப் பானைதான், பன்னிரண்டரைக்கே உட்காருங்கள். ஏற்றுமதியில் தள்ளிய ஷூக்களைக் கடைகளில் பாதி விலைக்குத் தருகிறார்கள், நான் 650க்கு ஒரு ஜோடி வாங்கினேன், இன்றுவரை என் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு இல்லாவிட்டால் பேஜார்தான். பேருந்தில் ஐந்து மணி நேரம் ஆனது எனக்கு. தோல் பதனிடும் வாசனை சில தெருக்களில் தூக்கலாக இருக்கும், அங்கே குடியிருப்பவர்கள் முன்னால் மூக்கைப் பொத்தாதீர்கள்.

பாட்டு தேர்வாகவில்லை. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இணையத்தில் பாட்டு இருந்த பக்கத்தில் ஒரே ஒரு ஜப்பானியர் கருத்து எழுதியிருந்தார். ஷமீம் ஓசூரிலிருந்து தமிழில் மாற்றி எங்கள் இருவருக்கும் அனுப்பினாள்: "கடைசி வரியில் ஒருத்தி பின்தங்கிவிடுகிறாள். மற்றவள் ஏன் நிற்கவில்லை?"

என்ன பதில் எழுதலாம் என்று கோகிலாவைக் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து ஆறு மணிக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"நிக்கணும்னுதான்கா ஆசை. பாட்டு நிக்கலயே."