அண்ணி வைத்த புள்ளி

என் அண்ணி நகத்துக்குப் பாலிஷ் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் கைப்பையில் நெயில் பாலிஷ் குப்பி இல்லாத நாளும் கிடையாது. மங்கிய தங்க நிறம். அந்த வீட்டில் எதை எடுத்துத் திருப்பினாலும் அந்த நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும். கரண்டி, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டின் பொத்தான். புள்ளி இருந்தால் வீட்டுப் பொருள். இல்லையென்றால் வேறு யாருடையதோ, உடனே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அடுத்தவர் பொருளும் அந்த வீட்டில் ஒரு நாள் தங்காது. அந்த வரைக்கும் அண்ணியைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குடை. கல்யாணமான புதிதில், அச்சகத்து வேலைக்குப் புதுக் குடையோடு போனவர் கம்பி வளைந்த பழைய குடையோடு திரும்பியிருக்கிறார். மாற்றியது யாரென்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லோர் மேலும் சந்தேகம். பால்காரர் அளவில் சந்தேகம், தையல்காரர் மீதம் வைத்த துணியில் சந்தேகம், எதிர்வீட்டுக்காரர் காரணமில்லாமல் சிரித்தால் அதிலும் சந்தேகம். அண்ணனும் நானும் அவருக்கு ரகசியமாக வைத்த பெயர் சோதனைச் சாவடி. அதில் ஒருநாள் நானும் மாட்டிக்கொண்டேன்.

அச்சகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அண்ணியின் வேலை. முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும், வீட்டிலிருந்தே செய்யலாம், சொந்தமாக நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கடையிலேயே பாகங்களைப் பூட்டித் தயாராக வைத்த கம்ப்யூட்டரை வாங்க அண்ணிக்கு மனம் வரவில்லை. உள்ளே எவன் எதைப் போட்டிருப்பானோ. அதனால் பாகங்களைத் தனித்தனியாக, முத்திரை பிரிக்காத டப்பாக்களில் வாங்கினார்கள். பூட்டுவதற்கு நம்ம வீட்டு ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார் அண்ணி. நம்ம வீட்டு ஆள் நான்தான். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக், ஆசைக்குக் கம்ப்யூட்டர். இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருக்கிறேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு வீடு என்று இருப்பது அண்ணன் வீடுதான்.

டப்பாக்கள் ஒரு ராத்திரி அண்ணியிடம் இருந்தன. மறுநாள் என் அறைக்கு வந்தன. சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் அருமையான சாமான். பார்க்கப் பார்க்க எனக்கே ஆசை வந்து, அண்ணியுடையதைப் போலவே ஒரு மெமரி வாங்கி என்னுடைய பழைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டேன். விரல் நீளத்தில் மெல்லிய பச்சைப் பலகை, ஒரு விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள், அவ்வளவுதான் மெமரி. தெரிந்த கடைக்காரர், பில் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியின் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தேன். ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குள் அண்ணன் காரோடு வந்து நின்றான். பொருள் இவ்வளவு நேரம் கண்மறைவாக இருந்தது அண்ணிக்குப் பொறுக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. வழியில் நான் சும்மா வராமல், என் கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது என்று வேறு பீற்றிக்கொண்டு வந்தேன்.

அண்ணியின் மேசையில் வைத்து, மானிட்டரை இணைத்து, பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மறுபடி அமுக்கினேன், அதே கறுப்பு. மதர்போர்டின் மூலையில், மெமரி பக்கத்தில் கோளாறு என்று காட்டும் குட்டி ஆரஞ்சு விளக்கு அணையாமல் எரிந்தது. மெமரியைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்த அண்ணியின் கண், என் கை போகும் இடமெல்லாம் போனது. மெமரி சரியில்லை, கடையில் மாற்றித் தரச் சொல்லலாம் என்றேன்.

"கடைக்காரனக் கேட்டா உன்னச் சொல்லுவான். உன்னக் கேட்டா நீ கடைக்காரனச் சொல்ற" என்றார் அண்ணி.

நிரூபித்துவிடலாம் என்று ஓடினேன். என் அறைக்குப் போய், என்னுடைய மெமரியைக் கழற்றிக்கொண்டு என் பைக்கில் திரும்பி வந்து அண்ணியின் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பொத்தானை அமுக்கியதும் திரை பளிச்சென்று விழித்தது. நான் ஜெயித்துவிட்ட பூரிப்பில் நிமிர்ந்தேன். அண்ணி திரையைப் பார்க்கவே இல்லை. என் மெமரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே கம்பெனி, அதே அளவு, புத்தம் புதியது. எப்போது வாங்கினாய் என்று கேட்டார். முந்தாநாள் என்றேன். பில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அண்ணன் தொண்டையைக் கனைத்தான். அந்த நிமிஷம்தான் எனக்கே உறைத்தது. ஓடாதது அண்ணியுடையது, ஓடுவது என்னுடையது. நான் அண்ணியாக இருந்தால் என்னை நம்பியிருப்பேனா?

அண்ணன் என் தோளைத் தொட்டு பால்கனிக்கு அழைத்துப் போனான். கொடியில் காய்ந்த துணிகளை விலக்கிவிட்டு, கீழே போகிற வண்டிகளைப் பார்த்தபடியே பேசினான்.

"எடுத்திருந்தா சொல்லிடுடா. நான் வேற ஒண்ணு வாங்கி வச்சிடறேன். அவளுக்குத் தெரிய வேணாம்."

அண்ணி சந்தேகப்பட்டால் அது அண்ணியின் சுபாவம், பால்காரரோடு நானும் ஒரு ஆள் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அண்ணன் யாரையும் சந்தேகப்பட்டதே இல்லை. ஊரில் கடன் கேட்டவனை எல்லாம் நம்பியவன். அவன் இத்தனை அன்பாக, குரலைத் தாழ்த்தி, என்னைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டான். "நான் எடுக்கலண்ணா" என்றேன். "சரி, சரி" என்றான். அந்த 'சரி'யில் நம்பிக்கை பேருக்குக்கூட இல்லை. இனி இந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது என்று தோன்றிவிட்டது.

உள்ளேயிருந்து அண்ணி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசை விளக்கைத் தாழ்த்தி, அச்சகத்தில் எழுத்துப் பிசிறு பார்க்கும் லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஓடாத மெமரியைக் கையில் எடுக்கச் சொன்னார்.

"அந்தப் பல்லுப் பக்கம், கடைசியில பாரு தம்பி. வந்த அன்னிக்கே அங்க ஒரு புள்ளி வச்சேன். தங்கத்து மேல தங்கம், எந்தக் களவாணி கண்ணுலயும் படாது. புள்ளி இருந்தா இது என்னோடது. இல்லன்னா என்னோடது எங்கேன்னு நீ சொல்லணும்."

நான் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பயம் வந்தது. இரண்டு மெமரியும் என் அறையில் ஒரே மேசையில் கிடந்தவை. தூக்கக் கலக்கத்தில் நானே மாற்றிப் போட்டிருந்தால்? அண்ணன் சுவரோரம் நகர்ந்து நின்றான். விளக்கடியில் மெமரியைச் சாய்த்தேன். அண்ணி லென்ஸ் வைத்துக் குனிந்தார்.

"இருக்கு" என்றார் அண்ணி.

லென்ஸை வாங்கி நானும் பார்த்தேன். கடைசிப் பற்கள் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு தங்கத் துளி. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு மண்டையில் அடித்தது போல் இருந்தது. அந்தப் பற்கள் வழியாகத்தான் கம்ப்யூட்டர் மெமரியோடு பேசும். அண்ணி அதன் வாயிலேயே பாலிஷ் பூசியிருக்கிறார். சொன்னேன். அண்ணி இமைக்காமல் கேட்டுக்கொண்டார். அவர் மேசையில் இருந்த ரப்பரை வாங்கிப் பக்குவமாகத் தேய்த்தேன். துளி மெல்லிய செதிலாக உரிந்து வந்தது. என்னுடையதைக் கழற்றிவிட்டு, அதை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். திரை விழித்தது.

மன்னிப்புக் கேட்கிற பேச்சே அண்ணியிடம் கிடையாது. "இடத்தத் தப்பா வச்சுட்டேன், வாஸ்தவம்தான்" என்றார். "ஆனா புள்ளி வச்சதாலதானே நீ எடுக்கலன்னு தெரிஞ்சுது? இல்லன்னா சாகற வரைக்கும் உன் மேல சந்தேகமாவே இருந்திருக்கும்."

அண்ணன் சுவரோரத்திலிருந்து கிட்ட வந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னான். பசியில்லை என்று எழுந்துவிட்டேன்.

நான் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஹெல்மெட்ட மாத்தி எடுத்துட்டுப் போயிடாத தம்பி. உங்கண்ணனோடதும் கறுப்புதான்."

கதவோரத்து அலமாரியில் இரண்டு கறுப்பு ஹெல்மெட்டுகள் இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உள் துணிக்கு அடியில் தங்கப் புள்ளி. அண்ணனுடையது என்று வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். வார் அறுந்து நானே முடிச்சுப் போட்டது, சந்தேகமில்லாமல் என்னுடையது. எதற்கோ அதையும் திருப்பினேன். அதிலும் அதே இடத்தில் ஒரு புள்ளி.

இப்போதுதான் சமாதானத்துக்காக வைத்தாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. நன்றாகக் காய்ந்து, சுற்றிலும் என் தலை எண்ணெயும் தெருப் புழுதியும் ஏறிப்போன பழைய புள்ளி.

ஹெல்மெட்டை மறுபடி அலமாரியில் வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உள்ளே போனேன்.