செத்தவீட்டு வாசலில் நின்ற பிக்கப்

கதிரை வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். கலியாணவீடோ செத்தவீடோ, என் பழைய டீசல் பிக்கப்பில் பிளாஸ்டிக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவேன். போன வருடம் கரவெட்டியில் ஒரு செத்தவீடு. ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். பிரேதம் வீட்டுக்கு வருவதற்குள் நான் வெளியேறிவிட வேண்டும். ஒழுங்கை அவ்வளவு குறுகல். ஒரு வண்டி நின்றால் மற்றது நுழையாது.

கதிரைகள் இறங்கியதும் சாவியைத் திருப்பினேன். ஸ்ராட்டர் உற்சாகமாகச் சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. ஐந்து தடவை திருப்பிப் பார்த்தேன். அதே உற்சாகம், அதே பலன்.

பிரேதம் வரும்வரை செத்தவீட்டு ஆண்களுக்குப் பேப்பர் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தக் குறையை என் பிக்கப் தீர்த்து வைத்தது. சற்று நேரத்தில் பானெற்றைச் சுற்றி இருபது வெள்ளை வேட்டிகள்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். "பற்றறி இறங்கிட்டுது, தம்பி."

"பற்றறி இறங்கினால் ஸ்ராட்டர் இப்பிடிச் சுத்தாது, சேர்."

"அது சுத்துற மாதிரித்தான் தெரியும்" என்றார். வாழ்நாள் முழுக்க யாரும் எதிர்த்துக் கதைக்காத மனிதர். நானும் கதைக்கவில்லை.

அடுத்தது, கனடாவிலிருந்து வந்திருந்த, இறந்தவரின் மருமகன். "கொம்பியூட்டர் பூட்டுற பிளக் எங்கை இருக்கு? பூட்டினால் பிழையை அதுவே சொல்லும்." என் வண்டிக்கு அப்படியொரு வாய் இல்லை என்பதை அவர் நம்பவில்லை. போன் வெளிச்சத்தில் டாஷ்போர்ட்டின் அடியில் பத்து நிமிடம் தேடி, நான் எப்போதோ தொலைத்த ஒரு ஸ்பானரைக் கண்டுபிடித்துத் தந்தார். அன்றைய ஆராய்ச்சியில் பயன்பட்ட ஒரே முடிவு அது.

பிறகு யாரோ தள்ளச் சொன்னார்கள். தள்ளினார்கள். அதுவரை ஒழுங்கையை மட்டும் மறித்து நின்ற வண்டி, மணலில் புதைந்து வீட்டு வாசலையும் மறித்தது. வேட்டியில் அழுக்குப் பட்டதும் இரண்டாம் தரம் தள்ள ஆள் கிடைக்கவில்லை.

அப்போதுதான் இறந்தவரின் மகள் வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "அண்ணை, அப்பா நெல்லியடி தாண்டிட்டாராம்" என்றாள். பிரேத வண்டி வந்து சேர இன்னும் சில நிமிடங்கள்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்களின் முட்டாள்தனத்தை ரசித்துக்கொண்டிருந்தேனே தவிர, நானும் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாய் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதிபரைச் சாவி திருப்பச் சொன்னேன். ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் பம்ப் வரைக்கும் டீசல் நிறைய வந்திருந்தது. பம்பில் ஒரு சின்ன வால்வ் உண்டு. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று திறந்து டீசலை விடும். காதை வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து வந்த அழுகையில் எதுவும் கேட்கவில்லை.

"தங்கச்சி, கேக்கக்கூடாததுதான்" என்றேன். "உள்ளுக்கை ஒரு நிமிசம் அழாமல் இருப்பினமோ? ஒரு சத்தம் கேக்கவேணும்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அழுகை சட்டென்று நின்றது.

பரீட்சை மண்டபத்தில் நிற்பவரைப் போல அதிபர் சாவியைத் திருப்பினார். டிக் இல்லை. கையை விட்டுத் தடவினேன். வால்வின் வயர் கழன்று தொங்கியது. ஆட்கள் கதிரை இறக்கும்போது சும்மா இருக்க முடியாமல் எஞ்சினைத் துணியால் துடைத்து அழகு பார்த்தவன் நான்தான். அதை அங்கே யாருக்கும் அறிவிக்கவில்லை.

வயரைச் செருகினேன். டிக். குழாயைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. இருபது வேட்டிகளுக்கும் கரும்புகை சமமாகக் கிடைத்தது.

"கரண்ட் பிழை எண்டு நான் முதலே சொன்னனான்" என்றார் அதிபர்.

உள்ளே அழுகை மறுபடி தொடங்கியது. எஞ்சின் இழுத்த இழுப்பில் வண்டி மணலைவிட்டு ஏறியது. பின்பக்கமாகவே ஓட்டி றோட்டுக்கு வந்தேன். பிரேத வண்டி அங்கே காத்து நின்றது. இறங்கி, தலை குனிந்து நின்று வழி விட்டேன்.

சில நாள் கழித்துக் கதிரைகளை எடுக்கப் போனேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்கோ அண்ணை" என்றாள். "அப்பா செத்ததிலையிருந்து நீங்கள் கேட்ட அந்த ஒரு நிமிசம்தான் ஒருத்தரும் எனக்கு ஆறுதல் சொல்லேல்லை. நல்லா இருந்தது."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன்.