நனையாமல் திரும்பிய தம்பி

என் மகன் கைபேசியில் பார்க்கிற ஜப்பான் காட்டூனை அவன் வயதில் நானும் பார்த்திருக்கிறேன். அதைப் போல உலகத்தில் இன்னொன்று வரவில்லை என்கிறான். எங்கள் முகாமிலும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அது பிடிக்காமல் போனது.

கடல் வந்து ஊரைக் கொண்டுபோன பிறகு, அமிர்தகழிப் பக்கம் ஒரு வளவில் தகரக் கொட்டில்கள் போட்டு முகாமாக்கி எங்களைக் குடியிருத்தினார்கள். எங்களுக்கும் சின்னம்மா வீட்டாருக்கும் ஒரே கொட்டில், நடுவில் ஒரு சேலை மறைப்பு. சின்னம்மாவின் ஒரே மகன், எனக்குத் தம்பி, அவருடைய கையிலிருந்துதான் தண்ணீரோடு போனான். அவன் கிடைக்கவில்லை.

ஆடி அமாவாசை நெருங்கியபோது, மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் மகனின் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்று சித்தப்பா பேச்செடுத்தார். மறைப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"கிடைக்காத புள்ளைக்கு எள்ளுத்தண்ணியா? நாளைக்கு வந்து நிண்டானெண்டா என்ன சொல்லுவீங்க?"

"வாறதெண்டா இதுக்குள்ள வந்திருப்பான், புள்ள."

"நீங்க ஒழுங்காத் தேடல்ல."

சித்தப்பா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை.

அந்த நாட்களில் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற அண்ணன் ஒருவர் சனிக்கிழமை பின்னேரங்களில் சீடீ கொண்டுவந்து முகாமின் பொதுக் கொட்டிலில் போட்டுக் காட்டுவார். தமிழ் பேசுகிற ஜப்பான் காட்டூன். நெருப்பு வாள் வைத்திருக்கும் ஒரு பையன் பூதங்களோடு சண்டை பிடிப்பான். டவுனில் அதைப் பார்த்துவிட்டு வந்த பொடியன்கள் அளந்த அளப்பில் நான் பெரிதாக எதிர்பார்த்துவிட்டேன். வந்து பார்த்தால், ஒரு வெட்டு வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் கத்துகிறான். பூதமும் மரியாதையாக நின்று கேட்கிறது. இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று நான் வாய் திறக்கவில்லை. எனக்கு எப்போதுமே வாய் குறைவு.

ஒரு கிழமை அந்த வாள்காரனின் தம்பி நீர்ச்சுழியில் அகப்பட்டு மூழ்கித் தாண்டுபோனான். பொடியன்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அன்றுதான் அந்தக் காட்டூன் மேல் ஒரு மதிப்பு வந்தது. உள்ளதைக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது சின்னம்மா எங்களுக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது.

அந்தக் கிழமை முழுக்க அவர் என்னிடம் ஒன்றையே கேட்டார்.

"அந்தப் பொடியன் வருவானா, மனே?"

"தெரியா, சின்னம்மா. சனிக்கிழமதான் போடுவாங்க."

சனிக்கிழமை அவர் முன்வரிசையில் என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தத் தம்பி மலைக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தான். தலை வாரியபடியே இருந்தது. தமையன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். உடனே அடுத்த பூதம் வந்துவிட்டது. பொடியன்கள் விசிலடித்துக் கும்மாளம் போட்டார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கே கிடந்தான், யார் தூக்கினார்கள், இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டான்? ஒருவரும் கேட்கவில்லை.

"இது சரியான பொய்," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"டேய், இவருக்குப் பிடிக்கல்லயாம்! நீ போய் ஜப்பானில படம் எடுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக என் பக்கம் குனிந்தார்.

"உடுப்புக்கூட நனையல்லயே, மனே."

பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் மறைப்புக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணி ஆற்றும் சத்தத்தோடு அவருடைய குரல் கேட்டது.

"இஞ்ச பாருங்க, தீர்த்தத்துக்குப் போவம். அவன்ர பேரச் சொல்லி எள்ளுத்தண்ணி இறைங்க."

சித்தப்பா வெளியே வந்து கொட்டிலுக்குப் பின்னால் நெடுநேரம் குந்தியிருந்தார்.

அமாவாசையன்று மாமாங்கக் குளத்தில் சனம் நெருக்கித் தள்ளியது. அந்த வருடம் எள்ளுத்தண்ணி இறைக்காத வீடு எங்கள் முகாமில் குறைவு. சித்தப்பா ஈர வேட்டியோடு தண்ணீருக்குள் நின்று தம்பியின் பேரைச் சொன்னார். சின்னம்மா படியில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேருக்குள் அந்தக் காட்டூன் பிடிக்காத இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார். இவரிடம் பயப்படாமல் சொல்லலாம். மழைக்குள் நெருப்பு வாள் எப்படி எரியும், சண்டைக்கு நடுவில் பூதம் ஏன் பேச்சுக் கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று ஒவ்வொரு பிழையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் என் தோளில் கையைப் போட்டபடி குளத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மனே, ஓம் மனே," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்வதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மிச்சப் பிழைகளையும் சொல்லத் தொடங்கினேன்.